பாலனின் வலக்கையும் வச்சிரத் துப்பாக்கியும்

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் தம்பி லூயிஸ் குடை வாங்குவதற்காக மூர் மார்க்கெட்டுக்குப் போய், குடை வாங்காமல், ஒரு துப்பாக்கியோடு திரும்பி வந்தான். யுத்தம் முடிந்து, பட்டாளத்தார் விட்டுச் சென்ற சாமான்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடந்த காலம் அது. அவன் வாங்கியது ஆளைச் சுடும் துப்பாக்கியன்று. லாரிச் சக்கரங்களுக்குக் கிரீஸ் பீச்சும் இரும்புக் குழல். பின்புறத்தில் ஒரு கைப்பிடியும் முன்புறத்தில் கொக்கின் மூக்கைப் போன்ற ஒரு முனையும் அதற்கு இருந்தன. கைப்பிடியை அழுத்தினால் உள்ளே இருப்பது மூக்கின் வழியே வெளிவரும். கிரீசுக்குப் பதிலாக அதனுள் சூடான வச்சிரத்தை ஊற்றினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதான ஒரு டிராயிங் மாஸ்டருக்குத் தோன்றத் தகாத எண்ணம் அது. தோன்றிவிட்டது.

வச்சிரம் என்பது தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்கு வைத்திருக்கும் பசை. மாட்டின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்து, வெல்லப்பாகின் நிறத்தில் வில்லைகளாக விற்பார்கள். வில்லையை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி அதில் இளக்க வேண்டும். மீர்சாகிப்பேட்டையில் கட்டிலும் பீரோவும் செய்யும் இனாயத் பாயிடம் லூயிஸ் இதைக் கற்றுக்கொண்டான். சூடாக இருக்கும்போது ஒட்டு, ஒட்டியபின் அசைக்காதே, அசைத்துவிட்டு என்னிடம் வராதே என்று பாய் மூன்றே வாக்கியங்களில் பாடத்தை முடித்துவிட்டாராம். நல்ல ஆசிரியர்.

செப்டம்பர் முடிவதற்குள் எங்கள் வீட்டில் பிரிந்திருந்தவை எல்லாம் ஒன்றாயின. ஆடிக்கொண்டிருந்த நாற்காலி ஆட்டத்தை நிறுத்தியது. பழைய குடையின் பிடி மீண்டும் குடையோடு சேர்ந்தது. என் செருப்பின் குதி செருப்போடு சேர்ந்தது. பிரிந்திருக்க வேண்டியவையும் ஒன்றாயின என்பதுதான் என் குறை. சர்க்கரை டப்பாவின் மூடி டப்பாவோடு சேர்ந்து, பதினோரு நாள் சர்க்கரையில்லாத காப்பி குடித்தோம். முப்பத்தொரு ஆண்டு பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பித்த என்னுடைய அகராதியின் முதுகுக்கு அவன் வச்சிரம் பூசியதில், கரப்பான் பூச்சிகள் அந்த ருசிக்கு வந்து அகராதியின் முதல் ஒன்பது பக்கங்களையும் உண்டன.

ஆகவே நான் நான்கு விதிகளை ஒரு தாளில் எழுதினேன். வச்சிரத்தை வீட்டுக்குள் காய்ச்சாமல், கிணற்றடியில்தான் காய்ச்ச வேண்டும். உணவுப் பாத்திரங்களைத் தொடக் கூடாது. காகிதத்தாலான எதன் மீதும் பூசக் கூடாது. என்னைக் கேட்காமல் எதையும் ஒட்டக் கூடாது. இந்தத் தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைக்கச் சொன்னேன். லூயிஸ் அதை வச்சிரத்தாலேயே ஒட்டினான், கோணலாகவும் ஒட்டினான். நான்கு விதிகளில் மூன்றாவது அந்தக் கணமே மீறப்பட்டது. பிறகு அதைப் பெயர்க்க முடியவில்லை. அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டே நான் மூன்று மாதம் சமைத்தேன்.

இனி, பாலனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாந்தோமில் எங்கள் தெருவில் ஒன்பது வீட்டார் ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள். கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு முந்திய ஒன்பது நாளும், மரத்தால் செய்த சேசு பாலன் சுரூபம் ஒன்று வீட்டுக்கு ஒரு நாளாக எங்கள் தெருவில் தங்கும். நீளம் ஒரு சாண். வலக்கையை உயர்த்தி ஆசீர்வதிக்கும் நிலை. மாலை ஆறு மணிக்குத் தெருவார் மெழுகுவர்த்தியோடு வந்து ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாலனைப் பாடிக்கொண்டு எடுத்துச் செல்வார்கள். பாலனோடு ஒரு நோட்டுப் புத்தகமும் செல்லும். அதை 1938இல் ஏற்படுத்தியவள் நான். பெற்றுக்கொள்ளும் வீட்டார் "குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த வீட்டில் பாலனுக்குச் சேதம் நேர்கிறதோ அந்த வீட்டுக்கு மறு ஆண்டு முறை கிடையாது. இந்த விதியையும் நானே எழுதினேன். எட்டு ஆண்டுகளில் ஒரு கீறல்கூடப் புத்தகத்தில் பதிவாகவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பங்குச் சுவாமியாரிடம் இரண்டு முறை வெளிப்படுத்தியும் இருக்கிறேன்.

அந்த ஆண்டு பாலன் டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை மாலை, பக்கத்து வீட்டு வெரோனிகாவிடமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். குறையின்றிப் பெற்றுக்கொண்டேன். மறுநாள் மாலை எதிர்வீட்டு மர்சலினிடம் ஒப்படைக்க வேண்டும். மர்சலின் தபால் குமாஸ்தா பவுல்சாமியின் மனைவி. முந்திய ஆண்டு, பாலனின் பாதத்தில் அவர்கள் வீட்டு மெழுகு ஒரு சொட்டு இருந்ததை நான் தெரு முழுவதும் கேட்கும்படி சுட்டிக்காட்டியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை என்பதை அவர் எனக்குத் தலையசைக்கும் விதத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு பாலனை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி அழுக்கு வளையம் ஒன்று தெரிந்தது. வெரோனிகா துடைக்கவில்லை. அழுக்கோடு ஒப்படைப்பது என் வழக்கமன்று. வெந்நீரில் சோப்பைக் கரைத்து, மெல்லிய துணியை நனைத்து, அந்த வளையத்தைத் தேய்த்தேன். மூன்றாம் முறை தேய்த்தபோது வளையம் போயிற்று. அதோடு வலக்கையும் என் துணிக்குள் வந்துவிட்டது.

நான் உட்கார்ந்துவிட்டேன். மணி எட்டே கால். மாலை ஆறு மணிக்குத் தெரு வரும். மர்சலின் பேனாவைக் கையில் எடுத்து, பாலனை மேலும் கீழும் பார்ப்பார். எட்டு ஆண்டுகள் காணாத சேதம், விதியை எழுதியவளின் வீட்டில்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் எழுந்து போய் லூயிசை அழைத்தேன். பள்ளிக்கு விடுமுறை விட்டாகிவிட்டதால் அவன் பின்கட்டில் முக்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதனோடு பேசிக்கொண்டிருந்தான். நான் கையைத் திறந்து காட்டினேன். அவன் சிரிக்கவில்லை, அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். கையையும் மணிக்கட்டையும் சாளரத்தருகே கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினான்.

"அக்கா, இத்த நீ ஒடைக்கல," என்றான். "நீ கழுவின, அவ்ளோதான். கழுவினா வந்துடற மாதிரி யாரோ ஒட்டி வச்சிக்கீறாங்க. பாரு, மேல கோந்து. அதுக்கு அடியில மெழுகுவர்த்தி மெழுகு. அதுக்கும் அடியில இன்னா கீது பாரு."

நான் பார்த்தேன். மரத்தின் நரம்புகளுக்கு இடையே, காய்ந்த இரத்தம் போல, சிவப்பு அரக்கு.

தபாலில் வரும் பொட்டலங்களுக்கு முத்திரையிடும் அரக்கு அது. எங்கள் தெருவில் அத்தகைய பொட்டலங்களோடு பழகுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். எட்டு ஆண்டுகளாகக் "குறையின்றி", "குறையின்றி" என்று வரிசையாக எழுதப்பட்டிருந்த கையெழுத்துகளை நினைத்துப் பார்த்தேன். மூன்று வீடுகள், மூன்று பசைகள், ஒரே வாக்கியம்.

ஆனால் பிறர் செய்த தவறு என் தவறைக் குறைக்காது என்று ஞானோபதேச வகுப்பில் பல நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை குறையின்றிப் பெற்றுக்கொண்டவள் நான். வெள்ளிக்கிழமை கை வேறு, உடல் வேறாக வைத்திருப்பவளும் நான். ஒட்டிவிட்டால் குறை இல்லை, குறை இல்லையென்றால் மர்சலின் அவ்வாறு எழுதுவதில் பொய் இல்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கட்டினேன். அது ஆடும் நாற்காலியைப் போன்ற நியாயம் என்பதை அப்போதே உணர்ந்தேன். ஆனாலும் அதில் உட்கார்ந்தேன்.

முக்காலிக்காக லூயிஸ் முதல்நாளே வச்சிரம் ஊறவைத்திருந்தான். காய்ச்சத்தான் இடமில்லை; கிணற்றடியில் முழங்கால் அளவு தண்ணீர். பிற்பகல் வரையில் மழை விடும் என்று காத்திருந்தோம். விடவில்லை. இரண்டரை மணிக்கு நான் முதல் விதியைத் தளர்த்தினேன்.

சமையலறையில் கரி அடுப்பின் மேல் பாத்திரம் ஏறியது. சற்று நேரத்தில், எலும்பை நாள்முழுவதும் கொதிக்கவிட்டாற்போன்ற கனத்த வாசனை எழுந்து, நடைவழியைக் கடந்து, வாசல் கதவின் இடுக்குவழியாகத் தெருவுக்குப் போனது. ஆவி படர்ந்து சமையலறைக் கதவு வேர்த்தது. மூன்று மாதம் நான் பெயர்க்க முயன்று தோற்ற விதித்தாள், தானாகவே ஒரு மூலையில் சுருண்டு, கதவை விட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. கவனித்தேன், அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளவில்லை. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

துப்பாக்கியை லூயிஸ் கொதிநீரில் முக்கிச் சூடாக்கி, வச்சிரத்தை நிரப்பினான். முதல் அழுத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் அழுத்தில் அவனுடைய சட்டையில் ஒரு பங்கும் சுவரில் ஒரு பங்கும் விழுந்து, மிச்சம் ஒரு நெல்மணி அளவுக்கு, மணிக்கட்டின் நடுவில் மிகச் சரியாக உட்கார்ந்தது. நான் கையைப் பொருத்தி இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முடியும் வரை என்றான். அசையக் கூடாது. துக்க தேவ இரகசியங்களைத் தொடங்கினேன். மணிகளை மனத்தாலேயே எண்ணினேன்.

இருபத்து மூன்றாவது மணியில் கதவு தட்டப்பட்டது.

"டீச்சர். நான்தான், மர்சலினு."

வந்தவரை வாசலில் நிறுத்திவைத்தவள் என்று என்னை அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் எழுந்தால் கை போய்விடும். உள்ளேயிருந்தபடியே என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சாயங்காலம் எத்தினி மெழுகுவர்த்தின்னு கேக்க வந்தேன். இன்னா டீச்சர், கதவைச் சாத்திக்கினு கீறீங்க? நான் மழையில நின்னுக்கினு கீறேன்."

லூயிசைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் போய்க் கதவை ஒரு சாண் திறந்தான். எதையும் சொல்லாதே என்று முன்பே கட்டளையிட்டிருந்தேன். எதையும் காட்டாதே என்று கட்டளையிட மறந்துவிட்டேன். நெஞ்சிலிருந்து வயிறுவரை பழுப்புக் குழம்பு வழிய, கையில் சொட்டும் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவன் நின்றான். கதவு திறந்ததும் வாசனை முழுவதும் அவரை நோக்கிப் பாய்ந்தது.

"மாஸ்டர், சட்டையில கொழம்பு," என்றார் மர்சலின். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல?" என்றார்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். இறைச்சியோ அதன் சாறோ வாயில் படக் கூடாது. அதைத் தெருவுக்கு நினைவூட்டுபவளும் நானே. வெள்ளிக்கிழமை காலையில் வெரோனிகாவின் வீட்டுக்கு ஆட்டுக்கறி வந்ததை ஒருமுறை நான் வழிமறித்து விசாரித்திருக்கிறேன். இப்போது வச்சிரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி எதை ஒட்டுகிறீர்கள் என்பதாகவே இருக்கும். லூயிசுக்கு உடல்நலம் இல்லை, நோயாளிக்கு விலக்கு உண்டு என்று சொல்லலாமென்று ஒரு நொடி நினைத்தேன். அது பொய். முப்பத்தாறாவது மணியில் இருந்துகொண்டு பொய் சொல்ல முடியாது. எனவே, "பன்னிரண்டு மெழுகுவர்த்தி போதும், மர்சலின்," என்று மட்டும் சொன்னேன்.

"நான் யாராண்டையும் சொல்ல மாட்டேன், டீச்சர்," என்றார் அவர்.

நான்கு மணிக்குள் தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது.

மாலை ஆறு மணிக்கு மழை ஓய்ந்து, எல்லாரும் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருடைய முகத்திலும் ஒருவகைக் கருணை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெரோனிகா மட்டும், உடம்பு இளைத்திருக்கிறீர்கள், சூப்பு குடித்தால் தேவலை என்றார். பாலனின் கை உறுதியாக இருந்தது. ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியவில்லை. மர்சலின் பாலனை ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, என்னை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதினார்.

அன்றிரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டியவள் நான். தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மர்சலின் மறுபடியும் வந்தார். இம்முறை பின்வாசல் வழியாக வந்தார். ஒரு கையில் துண்டில் சுற்றிய பாலன். மறு கையில் முடிச்சிட்ட கைக்குட்டை. முடிச்சை அவிழ்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

தலையசைக்கும் பழைய வீறு அவரிடம் இல்லை. குடிலில் பாலனுக்குப் பக்கத்திலேயே மூன்று மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாராம். காலையில் எழுந்து பார்த்தால் கை வைக்கோலில் கிடக்கிறதாம். யாரும் தொடவில்லையாம். கணவருக்குக்கூடச் சொல்லவில்லையாம். மாஸ்டரிடம் ஒட்டுகிற துப்பாக்கி ஒன்று இருப்பதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்களே என்றார். வச்சிரம் சூட்டில் இளகும். சமையலறைக் கதவு முதல்நாளே எனக்கு அதைச் செய்து காட்டியிருந்தது.

"டீச்சர், ரூலு ரூலுதான். அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு மொறை கெடையாதுன்னா சரி," என்றார். அவருடைய கண்கள் கலங்கின. "ஆனா ரங்கூன்லேர்ந்து எம்புள்ள அடுத்த கிறிஸ்மஸுக்குத்தான் வரான். அஞ்சு வருஷம் ஆச்சு. அவன் வரப்ப பாலன் வூட்டுக்கு வரலேன்னா நான் அவனுக்கு இன்னா சொல்லுவேன்?"

புத்தகத்தின்படி சேதம் அவருடைய வீட்டில் நேர்ந்தது. கையெழுத்தும் அவருடையது. நான் வாயைத் திறக்காமல் லூயிசை அழைத்தால் போதும்; என் எட்டு ஆண்டுகளும் என் விதியும் என் பெயரும் அப்படியே இருக்கும். அவர் எனக்கு நன்றியும் சொல்வார்.

"உட்காருங்கள், மர்சலின்," என்றேன். "கை உங்கள் வீட்டில் உடையவில்லை. நேற்றுக் காலை என் கையில் கழன்றது. ஒட்டி, ஒன்றும் தெரியாதவள்போல் உங்களிடம் கொடுத்தேன்."

அவர் உட்கார்ந்தார். கைக்குட்டையைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், காற்றை ஒருமுறை முகர்ந்தார்.

"அப்ப நேத்து அந்த வாசனை?"

"வச்சிரம்."

"ஐயையோ டீச்சர், நான் தெரு பூரா..."

"தெரியும்."

"கோடி வீடு வரிக்கும்..."

"அதுவும் தெரியும்."

இத்தோடு நின்றிருக்கும். ஆனால் லூயிஸ் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, அக்கா மீது தப்பில்லை, உள்ளே ஏற்கெனவே மூன்று ஒட்டு இருந்தது, அடியில் சிவப்பு அரக்குகூட இருந்தது என்று, தபால் குமாஸ்தாவின் மனைவியிடம், மிகுந்த உற்சாகத்தோடு கூறினான். அவனுக்கு எப்போதும் மரம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்.

மர்சலின் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து, பாலனின் கையை என்னிடம் நீட்டினார்.

"முப்பத்தொம்பதுல," என்றார். "தொடைக்கறப்ப கீழ வுட்டுட்டேன். அவரு அக்கா அனுப்பின பார்சல் ஒண்ணு வந்திச்சு. அதும்மேல கீற அரக்கைப் பேத்து, விளக்குல காட்டி... நீங்க அப்பதான் அந்த நோட்டுப் பொஸ்தகத்தக் கொணாந்தீங்க, டீச்சர். அது இல்லாங்காட்டி அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

விடை இல்லாதபோது வேலையைத் தொடங்குவது என் வழக்கம். லூயிஸ் பழைய வச்சிரத்தைச் சுரண்டினான்; புதியதை இளக்கினான். ஒரே அழுத்தில், சட்டைக்கும் சுவருக்கும் பங்கு வைக்காமல், மணிக்கட்டில் இட்டான். நான் கையைப் பிடித்தேன். மர்சலின் பாலனின் முதுகைப் பிடித்தார். அவரே செபமாலையைத் தொடங்கினார். சந்தோஷ தேவ இரகசியம் என்றார். சனிக்கிழமைக்கு மகிமை தேவ இரகசியம் என்று திருத்தினேன். திருத்திக்கொண்டார். ஐம்பத்து மூன்று மணிகளும் முடியும்வரை இருவரும் மூக்கு நுனியைக்கூடச் சொறியவில்லை.

"நோட்டுப் பொஸ்தகத்துக்கு இன்னா பண்றது?" என்று கடைசி மணிக்குப் பிறகு கேட்டார்.

நான் அந்த ஆண்டின் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: "பாலனின் வலக்கை மணிக்கட்டில் ஒட்டப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை காலை அது என் கையில் கழன்றது. மறைத்து ஒப்படைத்தேன். அடுத்த ஆண்டு எங்கள் வீட்டுக்கு முறை இல்லை. மெழுகுவர்த்தியை இரண்டு முழத் தொலைவில் வைக்கவும். ஃப்ளோரா." மையை ஒற்றி எடுத்தேன். பின்னர் முந்திய எட்டு ஆண்டுகளின் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, லூயிசிடம் துப்பாக்கியைக் கேட்டேன்.

அவன் தயங்கினான். "அக்கா, பேப்பர் மேல பூசக் கூடாதுன்னு மூணாவது ரூலு..."

"எந்த ரூல்?" என்றேன். கதவில் நான்கு மூலைக் கறைகள் மட்டுமே இருந்தன.

கைப்பிடி நான் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. இரண்டு கைகளாலும் அழுத்தினேன். மூன்று ஓரங்களிலும், கோணல் இல்லாமல், ஒரே சீரான கோடாக இட்டேன். அப்படியும் இடலாம் என்பதை லூயிஸ் அன்றுதான் கண்டான். மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தோம்.

மாலை ஆறு மணிக்கு மர்சலினின் வீட்டு வாசலில் தெரு கூடியது. பாலனைப் பெற்றுக்கொள்ள வந்த விக்டர் முதலில் என் வாக்கியங்களைத் தமக்குள் படித்தார். பிறகு நான் கேட்டுக்கொண்டபடி உரக்கப் படித்தார். சூப்பைப் பற்றி யாரும் அதன்பின் பேசவில்லை. வெரோனிகா தம் கையிலிருந்த மெழுகுவர்த்தியின் திரியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். கோந்து எந்த வீட்டினுடையது என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லாமற்போயிற்று. விக்டர் பழைய பக்கங்களைப் புரட்டப் பார்த்தார். அவை ஒரு பலகையைப்போல் சேர்ந்திருந்தன.

"இன்னா இது, தொறக்க மாட்டேங்குது?" என்றார்.

"மழைக்காலம், நைனா," என்றார் மர்சலின். "ஒட்டிக்கினு கீது."

அதில் பொய் ஏதும் இல்லை என்று கண்டு, நான் பாட்டைத் தொடங்கினேன்.